மூச்சு விடக்கூட நேரமில்லையா? வேலை அழுத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் வரும் மன அழுத்தம், அதை நாமே கவனிப்பது, மூச்சை வைத்து அதைத் தணிப்பது. இந்த மூன்றைப் பற்றியும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பல வருடம் அலுவலக வேலையைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு, அப்புறம் படித்தும் பழகியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வேலை நிறைய இருந்தால் அதுதானே மன அழுத்தம்?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் தலைக்கு மேல் வேலை கிடந்தும் விசில் அடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு நாலு மணி நேர வேலைகூட இல்லாமல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

இந்த வித்தியாசத்துக்கு ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர் 1979-இல் ஒரு விளக்கம் கொடுத்தார். வேலை எவ்வளவு கேட்கிறது என்பது ஒன்று. அதை எப்படி, எப்போது செய்வது என்று முடிவெடுக்க உங்களுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இன்னொன்று. வேலையும் அதிகம், இடமும் அதிகம் என்றால் ஆள் சுறுசுறுப்பாக இருப்பார். வேலை அதிகமாக இருந்து, சொந்தமாக முடிவெடுக்கும் இடம் குறைந்தால்தான் உடம்பு வாட ஆரம்பிக்கும். பிரிட்டனின் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த மைக்கேல் மார்மட்டின் ஆய்வுகளும் இதையே காட்டின. இதய நோய் உயர் அதிகாரிகளைவிடக் கீழ்நிலை ஊழியர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அதற்கான காரணங்களில் ஒன்று, தங்கள் வேலையின் மீது அவர்களுக்கு இருந்த குறைந்த கட்டுப்பாடு.

அதனால் ‘எவ்வளவு வேலை’ என்பதோடு நிற்காமல், ‘இதில் என் கையில் என்ன இருக்கிறது’ என்றும் கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்கு நாம் மறுபடியும் வருவோம்.

டென்ஷன் வரும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது?

1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், அளவுக்கு மீறி உழைக்க வைத்தார், நச்சு மருந்துகள் கொடுத்தார். துன்பம் எதுவாக இருந்தாலும் எலிகளின் உடம்பு ஒரே மாதிரிதான் மாறியது: அட்ரினல் சுரப்பி வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. உடம்புக்கு இந்த ஒரு பாட்டுதான் தெரியும் போலிருக்கிறது. புலி துரத்தினாலும் சரி, ‘உடனே என் அறைக்கு வரவும்’ என்று மெயில் வந்தாலும் சரி, அதையேதான் பாடும்.

முதலில் அட்ரினலின் வரும். சில நொடிகளில் இதயம் வேகமாக அடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், செரிமானம் ஓரங்கட்டப்படும். பின்னாலேயே கார்ட்டிசால் என்ற இன்னொரு அழுத்த ஹார்மோன் மெதுவாக ஏறும். அது உச்சத்தைத் தொடுவது சம்பவம் நடந்து ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடம் கழித்து. அதாவது மீட்டிங் முடிந்து, எல்லாரும் கலைந்து, நீங்கள் ‘சரி, போகட்டும்’ என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் உள்ளே அலை உயரத்தில் இருக்கிறது. காரசாரமான பதில் மெயில்கள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் எழுதப்படுகின்றன என்பது என் சந்தேகம்.

கொஞ்சம் டென்ஷன் இருந்தால்தானே வேலை நடக்கும்?

கொஞ்சம் என்றால் சரி. யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் 1908-இல் எலிகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கிப் பார்த்தபோது, சுலபமான வேலையை எலிகள் பலத்த அதிர்ச்சியிலும் கற்றுக்கொண்டன. கஷ்டமான வேலைக்கு மட்டும் மிதமான அதிர்ச்சிதான் உதவியது. அதற்கு மேல் போனால் கற்பது மந்தமானது. உங்கள் வேலை யோசித்துச் செய்யும் வேலையா, கை பழக்கத்தில் செய்யும் வேலையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தன்னைக் கவனி’ என்கிறார்கள். எனக்கு டென்ஷன் என்று எனக்குத் தெரியாதா என்ன?

பெரும்பாலும் தெரியாது. வீட்டில் யாரிடமாவது எரிந்து விழுந்த பிறகுதான் தெரியும். அல்லது அவர்கள் சொல்லித் தெரியும்.

நம் மொழி இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டி. வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நாக்கு வறள்கிறது, நெஞ்சு படபடக்கிறது, கண் இருட்டுகிறது, தலை கனக்கிறது, கை கால் ஓடவில்லை. பதற்றத்தை நாம் உடம்பின் பாஷையில்தான் சொல்லி வந்திருக்கிறோம். ‘டென்ஷன்’ என்ற ஒற்றைச் சொல் வந்த பிறகு அந்த விவரமெல்லாம் மறைந்துவிட்டது. தன்னைக் கவனிப்பது என்றால் அந்த விவரத்துக்குத் திரும்புவதுதான்.

ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி வேறு. சிலருக்குத் தோள்கள் காதை நோக்கி ஏறும். சிலருக்குத் தாடை இறுகும். சிலர் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி வைத்திருப்பார்கள், அது அவர்களுக்கே தெரியாது. எனக்கு விரல்தான். கீபோர்டைத் தட்டும் சத்தம் கூடும், ஒரே வரியை மூன்று தடவை படிப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருநாள், ‘அந்தக் கீபோர்டு என்ன பாவம் செய்தது?’ என்று கேட்டபோதுதான் இது எனக்கே தெரிந்தது.

இன்னொரு அறிகுறி ஆச்சரியமானது. மெயிலைத் திறக்கும்போது நிறையப் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். லிண்டா ஸ்டோன் என்பவர் 2008-இல் இதைக் கவனித்து எழுதி, ‘மெயில் மூச்சடைப்பு’ என்ற பொருளில் ஒரு பெயரும் வைத்தார். இப்போது இதைப் படிக்கும்போதே உங்கள் மூச்சு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, கவனிப்பதை எப்படித் தொடங்குவது?

ஒரு துண்டுத்தாள் போதும். இரண்டு வாரத்துக்கு, ஒரு நாளில் மூன்று தடவை மூன்று விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, உடம்பில் எங்கே என்ன, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. ‘11:40, வயிறு இறுக்கம், போன் அடித்தது.’ இவ்வளவுதான். காரணம் ஆராய வேண்டாம், தீர்வு எழுத வேண்டாம், அழகாக எழுதவே வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து மொத்தமாக எடுத்துப் படியுங்கள். நாம் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு, உண்மையில் தொந்தரவு தருவது வேறு என்று அடிக்கடி தெரியவரும். நான் வாராந்தர அறிக்கைதான் என் எதிரி என்று நினைத்திருந்தேன். தாளைப் பார்த்தால், அறிக்கை எழுதும் நேரத்தில் உடம்பு சும்மாதான் இருந்திருக்கிறது. அதை யார் படிப்பார்கள், யார் என்ன சொல்வார்கள் என்று தெரியாமல் காத்திருந்த மணி நேரங்களில்தான் வயிறு இறுகியிருக்கிறது. வேலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் தப்பான இடத்தில் மருந்து போட்டிருப்பேன். ‘படித்துவிட்டு அன்றைக்கே ஒரு வரி சொல்லிவிடுங்கள்’ என்று கேட்டேன். பாதி தொல்லை போய்விட்டது.

மனதில் இருப்பதற்குப் பெயர் வைத்தால் குறையுமாமே, உண்மையா?

ஓரளவுக்கு. மேத்யூ லீபர்மனும் கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூளையைப் படமெடுத்துக்கொண்டே சிலருக்குக் கோபமும் பயமும் தெரியும் முகங்களைக் காட்டினார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லச் சொன்னபோது, ஆபத்து மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது.

பெயர் துல்லியமாக இருப்பது நல்லது. ‘டென்ஷன்’ ஒரு கோணிப்பை, எல்லாவற்றையும் அதில் போட்டுக் கட்டிவிடலாம். பையைப் பிரித்தால் உள்ளே கோபம் இருக்கலாம், பயம் இருக்கலாம், அவமானம், சலிப்பு, ஏன், பொறாமைகூட இருக்கலாம். ‘எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, எல்லார் முன்னாலும் சொன்னாரே என்று அவமானம்’ என்று பிரித்துப் பார்த்தால் அடுத்து என்ன செய்வது என்பது மாறிவிடுகிறது. கோபத்துக்குச் சண்டை போடத் தோன்றும். அவமானத்துக்கு, தனியாக அழைத்து ‘இனி இதை என்னிடம் தனியே சொல்லுங்கள்’ என்று கேட்கத் தோன்றும்.

எல்லாரும் ஏன் மூச்சையே சொல்கிறார்கள்? வேறு ஒன்றும் இல்லையா?

நடக்கலாம், பேசலாம், தூங்கலாம், எல்லாம் உதவும். மூச்சுக்கு இருக்கும் வசதி வேறு. ‘இதயமே, மெதுவாக அடி’ என்று சொன்னால் அது கேட்காது. வயிற்றிடம் சொன்னாலும் கேட்காது. மூச்சு மட்டும் தானாகவும் ஓடும், நாம் சொன்னாலும் கேட்கும். பூட்டிய வீட்டில் திறந்து கிடக்கும் ஒரே சன்னல் அது.

அந்த வழியாக உள்ளே போனால் இதயம் வரை எட்டலாம். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது மெதுவாகிறது. கார்ல் லுட்விக் 1847-இலேயே இதைப் பதிவு செய்தார். மணிக்கட்டில் விரலை வைத்து நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள், உங்களுக்கே தெரியும். மெதுவாக்கும் வேலையைச் செய்வது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து கிளம்பி இதயம், நுரையீரல், குடல் என்று இறங்கும் நீண்ட நரம்பு அது. இந்த நரம்பு ஒரு வேதிப்பொருளைக் கொண்டு இதயத்தை அடக்குகிறது என்று ஓட்டோ லோவி 1921-இல் இரண்டு தவளை இதயங்களை வைத்துக் காட்டினார். அந்தச் சோதனை கனவில் வந்தது, எழுதி வைத்தேன், காலையில் என் கையெழுத்தே எனக்குப் புரியவில்லை, மறுநாள் இரவு கனவு திரும்ப வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1936-இல் நோபல் பரிசும் கிடைத்தது. மன அழுத்தம் பற்றிச் செல்யே எழுதியதும் அதே வருடம்தான் என்பது சும்மா ஒரு தற்செயல்.

மூச்சின் தாளத்தை அமைக்கும் சிறு நரம்புக்கூட்டம் ஒன்று மூளைத்தண்டில் இருக்கிறது. 2017-இல் வந்த ஆய்வு ஒன்றில், அந்தக் கூட்டத்திலிருந்து மூளையின் விழிப்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் செல்களை மட்டும் எலிகளில் நீக்கிவிட்டார்கள். எலிகள் தொடர்ந்து மூச்சு விட்டன, ஆனால் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டன. மூச்சு வேகமானால் மூளைக்கு ‘ஏதோ ஆபத்து’ என்று தகவல் போகிறது என்பதற்கு இது ஒரு குறிப்பு. எலிகளில்தான், இருந்தாலும்.

எப்படிச் செய்வது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

நாற்காலியில் முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படும்படி உட்காருங்கள். கண்ணை மூடலாம், மூடாமலும் இருக்கலாம். பெல்ட் இறுக்கமாக இருந்தால் தளர்த்துங்கள், இதை யாரும் சொல்வதில்லை. முதலில் உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடுங்கள். அப்புறம் மூக்கு வழியாக மனதுக்குள் 4 எண்ணும் வரை இழுங்கள். வயிறு முன்னால் வரட்டும், தோள் ஏற வேண்டாம். 6 எண்ணும் வரை விடுங்கள். நடுவே பிடித்து வைக்க வேண்டாம். எண்ணிக்கை நொடிக்கு ஒன்றாக இருந்தால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். சும்மா இருக்கும்போது பெரியவர்கள் விடுவது நிமிடத்துக்கு 12 முதல் 20. அதனால் ஆரம்பத்தில் 6 ரொம்ப மெதுவாகத் தெரியும். மூச்சு முட்டினால் 3 எண்ணி இழுத்து 4 எண்ணி விடுங்கள். விடுவது இழுப்பதைவிட நீளமாக இருந்தால் போதும்.

5 நிமிடம். நேரமில்லை என்றால் 6 மூச்சு.

நான் நன்றாக ஆழமாக இழுத்து விட்டேன், தலைதான் சுற்றியது. ஏன்?

‘ஆழமாக மூச்சை இழு’ என்பது நல்லெண்ணத்தில் சொல்லப்படும் அரைகுறை ஆலோசனை. பதற்றத்தில் இருப்பவருக்கு ஆக்சிஜன் குறைவு இல்லை. நல்ல உடல்நிலையில் இருப்பவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு ஏற்கெனவே 95 சதவீதத்துக்கு மேல்தான். அவசர அவசரமாகப் பெரிய மூச்சுகளை இழுத்தால் கரியமில வாயுதான் அளவுக்கு மீறி வெளியேறும். அது குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், விரல் நுனியும் உதட்டோரமும் குறுகுறுக்கும். அதைப் பார்த்துப் பயம் கூடும், பயத்தில் இன்னும் வேகமாக இழுப்போம். அதனால் பெரிதாக வேண்டாம், மெதுவாகப் போதும்.

4-7-8, பெட்டி மூச்சு என்று ஏகப்பட்டது இருக்கிறது. எது நல்லது?

4-7-8 என்றால் 4 எண்ணி இழுத்து, 7 எண்ணும் வரை பிடித்து, 8 எண்ணி விடுவது. எண்களை ஒட்டி இவ்வளவு விவாதம் தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் நூற்றுச் சொச்சம் பேரை நான்கு குழுவாகப் பிரித்து, தினம் 5 நிமிடம் வீதம் 28 நாள் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒரு குழு இழுத்து, பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்கும் பெட்டி மூச்சு. ஒரு குழு வேகமூச்சு. ஒரு குழு மூச்சை மாற்றாமல் கவனிக்க மட்டும் செய்யும் தியானம். இன்னொரு குழு பெருமூச்சு. பதற்றம் எல்லாக் குழுவிலும் குறைந்தது. மன நிலை தெளிவானதில் பெருமூச்சுக் குழுதான் முன்னால் நின்றது.

பெருமூச்சு என்றால் இப்படி: மூக்கு வழியாக இழுங்கள், நிறைந்ததும் அதற்கு மேல் இன்னொரு சின்ன இழுப்பு, அப்புறம் வாய் வழியாக நீளமாக, முழுசாக விடுங்கள். ‘அப்பாடா!’ என்று உட்காரும்போது நாம் தானாகச் செய்வது கிட்டத்தட்ட இதுதான். நமக்குத் தெரியாமலே சில நிமிடங்களுக்கு ஒரு தடவை உடம்பு பெருமூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. நுரையீரலில் சுருங்கி ஒட்டிக்கொண்ட நுண்ணறைகளைத் திரும்ப விரிக்க அது தேவை. யாராவது பெருமூச்சு விட்டால் ‘என்ன, அலுத்துக்கொள்கிறாயா?’ என்று இனிமேல் கேட்காதீர்கள்.

மூச்சை மெதுவாக்குவதும் மூச்சைக் கவனிப்பதும் ஒன்றா?

இல்லை. நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். மெதுவாக்குவது உடம்புக்கான வேலை. நம்பிக்கை இல்லாமல் செய்தாலும் இதயத் துடிப்பு இறங்கும். கவனிப்பது மனதுக்கான பயிற்சி. மூச்சை அதன் போக்கில் விட்டு, வருவதையும் போவதையும் பார்ப்பது. பௌத்த மரபில் ஆனாபானசதி என்ற பெயரில் நெடுங்காலமாக இருப்பது. ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் அதை மதச் சாயல் இல்லாத பயிற்சியாக நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். இன்று அலுவலகங்களில் நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலானவை அதன் வழி வந்தவைதான்.

மூன்றாவது மூச்சிலேயே மனம் எங்கேயாவது ஓடிவிடும். ஓடட்டும். ‘ஓடிவிட்டது’ என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சி. அன்றாட வேலையில் நமக்குத் தேவைப்படுவதும் அதே திறமைதானே? ‘கோபம் ஏறுகிறது’ என்று ஏறும்போதே தெரிவது.

வேலை நடுவில் கண்ணை மூடி உட்கார முடியுமா? எல்லாரும் பார்ப்பார்கள்.

உட்கார வேண்டாம். ஏற்கெனவே செய்யும் காரியங்களோடு கோத்துவிடுங்கள். மெயில் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு மூச்சு. போன் அடித்தால் இரண்டாவது மணிக்குப் பிறகு எடுப்பது. கணினி விழித்துக்கொள்ளும் வரை மூன்று மூச்சு. இணையவழி மீட்டிங்கில் மைக் மூடியிருக்கும் நேரம் முழுக்க உங்களுடையதுதான். மூச்சை 4-க்கும் 6-க்கும் விட்டுக்கொண்டே கேட்கலாம், ஒருவருக்கும் தெரியாது. வேறு வழியே இல்லாத நாட்களில் கழிப்பறை இருக்கிறது. நான் அங்கே நிறைய மூச்சு விட்டிருக்கிறேன், சொல்ல வெட்கமில்லை.

காட்டமான பதில் எழுதிவிட்டால் அனுப்பாதீர்கள், அழிக்கவும் வேண்டாம். பெறுநர் பெயரை மட்டும் எடுத்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை பாருங்கள். கார்ட்டிசால் கணக்கு ஞாபகம் இருக்கிறதல்லவா?

எதிரே நின்று கத்துகிறார் மேலதிகாரி. அப்போது எங்கே எண்ணுவது?

எண்ண முடியாதுதான். அப்போது ஒன்றே ஒன்று: மூச்சை வெளியே விடுங்கள். இழுப்பது தானாக நடக்கும். பாதம் தரையில் படுவதை உணருங்கள். அப்புறம், முன்கூட்டியே வாயில் தயாராக வைத்திருக்கும் ஒரு வாக்கியம் வேண்டும். ‘நீங்கள் சொல்வதைக் குறித்துக்கொள்கிறேன் சார், பார்த்துவிட்டு மதியம் வந்து பேசுகிறேன்.’ அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க மூளை ஒத்துழைக்காது, அதனால் ஓய்வாக இருக்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

எனக்கு மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறது. நான்தான் தப்பாகச் செய்கிறேனா?

இல்லை, சிலருக்கு அப்படித்தான். குறிப்பாக ஏற்கெனவே திடீர்ப் பீதி வந்து அனுபவப்பட்டவர்களுக்கு, மூச்சின் மீது கவனம் போனதுமே ‘நின்றுவிடுமோ’ என்று தோன்றும். மூச்சை விட்டுவிடுங்கள். கண்ணைத் திறந்து வைத்து, பாதத்தின் கீழ் தரையையோ, கையிலிருக்கும் கோப்பையின் சூட்டையோ, வெளியே கேட்கும் சத்தத்தையோ கவனியுங்கள். கவனம்தான் முக்கியம், மூச்சுதான் வேண்டும் என்பதில்லை. பழைய பெருந்துயரம் ஏதாவது மேலெழுந்து வந்தால் தனியாக மல்லுக்கட்டாதீர்கள், மனநல ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள். ஆஸ்துமா, நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சைப் பிடித்து வைக்கும் பயிற்சிகளை மருத்துவரிடம் கேட்காமல் செய்ய வேண்டாம். வேகமூச்சுப் பயிற்சியும் அப்படியே. வண்டி ஓட்டும்போது எதுவும் வேண்டாம்.

எங்கள் நிறுவனம் மூச்சுப் பயிற்சி வகுப்பு வைக்கிறது. வேலை நேரத்தை மட்டும் குறைக்கவில்லை. இது சரியா?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

வில்லியம் ஃபிளெமிங் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களைப் பார்த்தது. தியான ஆப், மன உறுதி வகுப்பு, தளர்வுப் பயிற்சி போன்றவற்றில் கலந்துகொண்டவர்கள் கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருப்பதாகத் தெரியவில்லை. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கு என்பதால் அதை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கும் எண்ணிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தனிநபர் பயிற்சியோடு நிற்கவில்லை. வேலைப்பளு, வேலை நேரம், மேலாளர்களுக்கான பயிற்சி ஆகியவற்றில் நிறுவனம் செய்ய வேண்டியதையும் சொல்கிறது. அதே நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் வெளிப்படையானது: வாரம் 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். 55 மணி நேர வாரத்தை மூச்சு விட்டுச் சரிக்கட்ட முடியாது.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையில் நான் ஏறக்குறைய ஒரு வருடம் மிக நன்றாக மூச்சு விட்டேன். காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம். அதனாலேயே, முதல் மாதத்தில் மறுத்திருக்க வேண்டிய இரண்டு ஆள் வேலையை ஒரு வருடம் தாங்கினேன். பல்வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு பல் டாக்டரிடம் போகாமல் இருப்பது மாதிரி.

மூச்சு உங்களுக்குத் தருவது ஒரு இரண்டு நிமிட இடைவெளி. அந்த இடைவெளியில் தலை தெளியும். தெளிந்த தலையோடு முன்னே சொன்ன கேள்வியைக் கேளுங்கள்: இதில் என் கையில் என்ன இருக்கிறது? ‘இந்த இரண்டில் எது முதலில் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்’ என்று கேட்கலாம். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். யாரோ செய்ய வேண்டிய வேலை உங்கள் மேசைக்கு எப்படி வந்தது என்று பார்க்கலாம். சக ஊழியர்களோடு சேர்ந்து பேசலாம், ஒருவர் கேட்டால் புகார், ஐந்து பேர் கேட்டால் கோரிக்கை. வேறு வேலை தேடலாம். எதுவுமே கையில் இல்லை என்று தெரிந்தாலும் அது ஒரு தகவல்தான். வகுப்புக்குப் போங்கள். போய்விட்டு வந்து வேலை நேரத்தைப் பற்றியும் கேளுங்கள்.

இது வெறும் அழுத்தமா, பர்ன் அவுட்டா? எப்படித் தெரியும்?

அழுத்தத்தில் இருப்பவர் ‘இதை முடித்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று நினைப்பார். பர்ன் அவுட்டில் அந்த நினைப்பே போய்விடும். இந்தச் சொல்லை 1974-இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் பயன்படுத்தி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று இல்லாமல், வேலையோடு தொடர்புடைய நிலை என்று வரையறுத்தது. மூன்று அடையாளம்: ஆற்றலெல்லாம் வடிந்துபோன களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகி ஒருவித வெறுப்பு, நம்மால் எதுவும் உருப்படியாக ஆகவில்லை என்ற எண்ணம். இரண்டு நாள் லீவு போட்டும் திங்கட்கிழமை அதே கனம் இருந்தால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்தாதீர்கள், உதவி தேடுங்கள்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்து கை, தாடை, முதுகுக்குப் பரவினால், மூச்சுத்திணறலும் வியர்வையும் சேர்ந்து வந்தால், உட்கார்ந்து 4-6 எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை. அது வெறும் பதற்றம் என்று தெரிந்தால் நிம்மதியாகத் திரும்பி வாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, வேலையை ஓட்டக் குடி தேவைப்படுகிறது என்றாலும் காட்டுங்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால், இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளை வரை தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முடிக்காத வேலை மனதை விடாமல் பிடித்து இழுக்கும். மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011-இல் இதைப் பற்றி ஒரு நல்ல செய்தி சொன்னார்கள்: வேலையை முடிக்க வேண்டியதில்லை, எப்படி முடிப்பது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்தாலே அந்த இழுப்பு தளர்கிறது. கிளம்பும் முன், அரைகுறையாக நிற்கும் ஒவ்வொன்றுக்கும் நாளைக்குச் செய்யும் முதல் அடியை ஒரு வரியில் எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கைபேசியில் எழுதாதீர்கள், அது கூடவே வீட்டுக்கு வந்துவிடும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

துடிப்பு இறங்குவது ஓரிரு நிமிடத்தில். முதல் அறிகுறியை அது வரும்போதே பிடிப்பது, எனக்குத் தெரிந்தவரை, சில வாரங்களாவது ஆகும். நடுவில் விட்டுப்போனால் மறுபடி ஆரம்பியுங்கள், கணக்கு வைக்க வேண்டாம்.

இதற்கு ஆப் ஏதாவது வேண்டுமா?

விரலே போதும் எண்ணுவதற்கு. ‘இப்போது மூச்சு விடுங்கள்’ என்று மணி அடிக்கும் ஆப் ஒன்றை ஒரு வாரம் வைத்திருந்தேன். சரியாக மீட்டிங் நடுவில்தான் அடித்தது. ஒவ்வொரு தடவையும் பதறிப்போய் அதை அணைத்தேன். ஏழாவது நாள் நீக்கிவிட்டேன்.